புராஸ்டேட் புற்றுநோயும் மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தவருக்கு மனம் சரியில்லை என்றால் "இந்த வியாதி வந்தா யாருக்குத்தான் நல்லா இருக்கும்" என்று சொல்லி வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. அந்த வேதனையில் பெரும்பகுதிக்குக் குறிப்பான காரணம் இருக்கும். ஹார்மோன் ஊசியாக இருக்கலாம், சிறுநீர்க் கசிவாக இருக்கலாம், அடுத்த வாரம் வரப்போகும் ரத்தப் பரிசோதனை முடிவாகவும் இருக்கலாம். காரணம் தெரிந்தால் பெரும்பாலும் வழியும் தெரியும். கீழே உள்ள கேள்விகளை நோயாளிகளும் மனைவிமாரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

புற்றுநோய் என்று சொன்ன நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது. டாக்டர் பேசியது எதுவும் மண்டையில் ஏறவில்லை. நான் அவ்வளவு கோழையா?

இல்லை. "கேன்சர்" என்ற சொல் காதில் விழுந்த பிறகு சொல்லப்படுவது பலருக்கும் பதியாது. அதனால் அடுத்த முறை ஒருவரை உடன் அழைத்துப் போங்கள், நோட்டு ஒன்றும் இருக்கட்டும். நான்கு விஷயங்களை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம்) எவ்வளவு, பயாப்சியில், அதாவது திசுவை எடுத்துப் பார்த்ததில், நோயின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் எவ்வளவு, நோய் சுரப்பியைத் தாண்டியிருக்கிறதா, முடிவெடுக்க எத்தனை நாள் இருக்கிறது.

நான்காவது கேள்விக்கு வரும் பதிலில்தான் பலருக்கு மூச்சு திரும்புகிறது. சுரப்பிக்குள்ளேயே இருக்கும் நோய் பெரும்பாலும் மெதுவாக வளரும். சில வாரம் எடுத்துக்கொண்டு, இன்னொரு மருத்துவரையும் கேட்டு முடிவு செய்யலாம். இங்கிலாந்தில் நடந்த புரொடெக்ட் ஆய்வில், பரவாத நோயுள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாகப் பிரித்துத் தொடர்ந்து கவனித்தார்கள். 15 ஆண்டு கழிந்த நிலையில் 2023இல் வெளியான முடிவின்படி, மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 100க்கு 3 பேர் அளவில்தான் இருந்தார்கள்.

எலும்புக்குப் பரவியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குக் காலில் பலம் குறைந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்தாலோ, சிறுநீரோ மலமோ திடீரென நின்றாலோ அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும். தண்டுவடம் நெரிபடுவதன் அறிகுறி அது.

"இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், கண்காணிப்போம்" என்கிறார் டாக்டர். வீட்டில் எல்லோரும் "எடுத்துப் போட்டுடுங்க" என்கிறார்கள். நடுவில் எனக்குத்தான் நிம்மதி இல்லை.

கண்காணிப்பும் ஒரு சிகிச்சை முறைதான். குறிப்பிட்ட இடைவெளியில் பி.எஸ்.ஏ., தேவைக்கேற்ப எம்.ஆர்.ஐ., மீண்டும் பயாப்சி என்று அதற்கென ஒரு ஒழுங்கு உண்டு. அந்த அட்டவணையைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்ன மாறினால் சிகிச்சைக்குப் போவோம் என்ற வரம்பையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் "சும்மா விட்டுவிட்டார்கள்" என்ற எண்ணம் பாதி குறையும். கூடப் பேசும் உறவினர்களை ஒருமுறை டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள். அவர்கள் பயத்துக்காக நீங்கள் அறுவை செய்துகொண்டால் சிறுநீர்க் கசிவையும் விறைப்புக் குறைவையும் சுமக்கப்போவது நீங்கள்.

அப்படியும் பயம் நாள் முழுக்க ஆட்டிப்படைக்கிறது என்றால், அதையும் ஒரு காரணமாகச் சொல்லிச் சிகிச்சை கேட்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பி.எஸ்.ஏ. எடுக்கும் நாள் நெருங்கினாலே வயிறு கலங்குகிறது. என்ன செய்வது?

உலகம் முழுக்க இந்த நோயாளிகளிடம் இது இருக்கிறது. இந்தப் பயத்தை அளக்கத் தனிக் கேள்வித்தாளே உருவாக்கியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பயத்தைக் கூட்டுவதில் எண்ணை விட, அதைத் தப்பாகப் படிப்பதற்குத்தான் பெரிய பங்கு.

அறுவை செய்து சுரப்பியை எடுத்தவருக்கு பி.எஸ்.ஏ. 0.1 நானோகிராமுக்குக் கீழே போக வேண்டும். பிறகு 0.2 அல்லது அதற்கு மேல் வந்து, இரண்டாவது பரிசோதனையிலும் அது உறுதியானால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. 0.03 அடுத்த முறை 0.04 ஆனது என்று இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவு ஏற்ற இறக்கம் கருவியிலேயே வரும். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

கதிர்வீச்சு பெற்றவர்களின் கதை வேறு. சுரப்பி உள்ளேயே இருப்பதால் அளவு மெதுவாக, ஒன்றரை ஆண்டுக்கு மேலும்கூட இறங்கும். முதல் சில ஆண்டுகளில் ஒருமுறை சற்றே ஏறித் தானாக இறங்குவதும் உண்டு. அவர்களுக்கு, தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து 2 நானோகிராம் ஏறினால்தான் நோய் திரும்பியதாகக் கொள்வார்கள். அறுவை செய்த பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டால் வீண் கலக்கம்தான்.

சுரப்பி உள்ளே இருப்பவர்கள், ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய 2 நாள் உடலுறவையும் சைக்கிள் ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும். சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தால் குணமாகி ஆறு வாரம் கழித்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய்யாக ஏறும்.

நாளையும் திட்டமிடுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு மூன்று, நான்கு நாள் முன்பு ரத்தம் கொடுத்தால் காத்திருப்பு நீளாது. இப்போது பல லேப்கள் ராத்திரி 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டை அனுப்பிவிடுகின்றன. விளக்கம் கேட்க ஆளில்லாத அந்த நேரத்தில் எண்ணைப் பார்ப்பதுதான் மிக மோசம். ரிப்போர்ட்டை மகன் எண்ணுக்கோ நேராக டாக்டருக்கோ அனுப்பச் சொல்லலாம். எது வேண்டும் என்று நீங்களே முன்கூட்டி முடிவு செய்யுங்கள்.

இது சாதாரண வருத்தமா, மனச்சோர்வு நோயா? எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு கேள்விகள் போதும். கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் தளர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? "இல்லை" 0, "சில நாள்" 1, "பாதி நாளுக்கு மேல்" 2, "கிட்டத்தட்ட தினமும்" 3. கூட்டினால் 3 அல்லது மேல் வந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அவர் ஒன்பது கேள்வி கொண்ட முழுத்தாளைக் கொடுப்பார்.

இந்த நோயில் ஒரு சிக்கல் இருக்கிறது. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை, மறதி எல்லாம் ஹார்மோன் சிகிச்சையாலும் வரும். அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பேரப்பிள்ளை ஓடி வந்து மடியில் ஏறினால் முகம் மலர்கிறதா என்று பாருங்கள். உடல் அசந்திருந்தும் முகம் மலர்ந்தால் அது பெரும்பாலும் களைப்பு. எதுவுமே தொடவில்லை, "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு வருகிறது என்றால் மனச்சோர்வைச் சந்தேகிக்க வேண்டும்.

மனச்சோர்வு என்று முத்திரை குத்துமுன் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹார்மோன் சிகிச்சை ரத்தசோகையைக் கொண்டுவரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும். ஒன்றிரண்டு நாளில் திடீரென ஆள் குழம்பி, நேரம் இடம் தெரியாமல் பேசினால் அது மனச்சோர்வு அல்ல. சோடியம், கால்சியம், கிருமித்தொற்று என்று பல காரணம் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி போங்கள்.

ஹார்மோன் ஊசி போட்ட பிறகு என் கணவர் வேறு ஆளாகிவிட்டார். டி.வி. பார்த்து அழுகிறார், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுகிறார்.

புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன். லியூப்ரோலைடு, கோசரலின், டிரிப்டொரலின், டெகாரெலிக்ஸ் போன்ற ஊசிகள் அதன் சுரப்பைக் கிட்டத்தட்ட நிறுத்துகின்றன. அந்த ஹார்மோன் வேலை செய்யும் இடங்களில் மூளையும் ஒன்று. அதனால் கண் கலங்குவதும் எரிச்சலும் மந்தமும் வருகின்றன. மனச்சோர்வு வரும் வாய்ப்பும் கூடுகிறது. மார்பு பருப்பது, இடுப்பில் சதை போடுவது, உடல் முடி உதிர்வது எல்லாம் சேர்ந்து "நான் ஆம்பளையே இல்ல" என்ற எண்ணத்துக்குத் தள்ளும்.

இதை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை, அதுதான் பெரிய குறை. "இது மருந்து செய்யும் வேலை" என்று தெரிந்தாலே கணவன் மனைவிக்குள் சண்டை குறைகிறது.

ஊசி தேதியோடு மனநிலையையும் காலண்டரில் குறித்து வையுங்கள். ஊசிக்குப் பின் எப்போது மாற்றம் தொடங்கியது என்பது மருத்துவருக்கு உதவும். பக்க விளைவைக் குறைக்க அதிகம் சான்றுள்ள மருந்து உடற்பயிற்சிதான்: வாரத்தில் இரண்டு முறையாவது, 12 வாரத்துக்கு, பயிற்சியாளர் மேற்பார்வையில் நடையோடு எடை தூக்கும் பயிற்சியும். வெறும் நடை போதாது. தசையைக் கரைப்பதும் இந்த ஊசிதான். எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த அசைவு கூடாது என்று முதலில் கேளுங்கள்.

டெஸ்டோஸ்டிரோனை மேலும் குறைக்கும் அபிராடெரோன் மாத்திரையோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிடுபவர்கள், பிரெட்னிசோலோனை மாலையில் போட்டால் தூக்கம் கெடும், மனமும் படபடக்கும். காலை உணவுக்குப் பின் போடுவது நல்லது. அபிராடெரோனை மட்டும் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்குவது அடிக்கடி நடக்கும் தவறு.

செலவு கட்டுப்படியாகாது, விதையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். கேட்கவே கூசுகிறது.

டெஸ்டோஸ்டிரோனைப் பெரும்பாலும் சுரப்பது விதைதான். அதை எடுப்பது 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டிய வழி. 1966இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நோயைக் கட்டுப்படுத்துவதில் ஊசிக்குக் குறைந்ததல்ல, ஒரே முறையில் முடிந்துவிடும். ஆனால் திரும்பப் பெற முடியாது. அதனால் கையெழுத்துப் போடுமுன் நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும். பிள்ளைகள் மட்டும் முடிவு செய்வது அநியாயம். விதைப்பையை அப்படியே விட்டு, விதையின் உள்திசுவை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. வெளியே பார்க்க அவ்வளவு வித்தியாசம் தெரியாது. அதைக் கேட்டுப் பாருங்கள், சிலருக்கு இது பெரிய ஆறுதல்.

ராத்திரியில் உடம்பெல்லாம் கொதித்து வேர்த்து எழுந்துவிடுகிறேன். தூக்கம் கெட்டு மனமும் கெடுகிறது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு வருவதே இது. சூடான காபி, காரக் குழம்பு, மது, இறுக்கமான உடை எல்லாம் தூண்டும். ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் உங்களுக்கு எது என்று பிடிபடும். பருத்திப் படுக்கை விரிப்பு, மாற்று பனியன் கட்டிலருகே இருக்கட்டும். அடங்கவில்லை என்றால் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், வென்லாஃபாக்சின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. கீமோ நடக்கும்போது வரும் சூட்டை மட்டும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், காய்ச்சலாக இருக்கலாம்.

அறுவைக்குப் பிறகு சிறுநீர் கசிகிறது. கல்யாணம், கோயில், பஸ் பயணம் எல்லாம் நின்றுவிட்டது.

வெளியே போகாமல் வீட்டோடு அடைபட்டுக் கிடப்பதில்தான் பலருக்கு மனச்சோர்வு தொடங்குகிறது. கசிவு பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் பன்னிரண்டு மாதத்தில் வெகுவாகக் குறையும். குறைவதை விரைவாக்க சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் அடித்தளத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது, அதைத் தப்பாகச் செய்பவர்களே அதிகம்.

சிறுநீர் டியூபை எடுத்த பிறகே தொடங்க வேண்டும். காற்றுப் பிரியாமல் அடக்குவது போல் இறுக்கினால் அந்தத் தசை தெரியும். கண்ணாடி முன் நின்றால் ஆண்குறியின் அடி சற்றே உள்ளே போவது தெரிய வேண்டும். வயிறு, தொடை, புட்டம் இறுகினால் தப்பு, மூச்சைப் பிடித்தாலும் தப்பு. சில விநாடியில் தொடங்கி 10 விநாடி வரை இறுக்கம், அதே நேரம் தளர்வு, இப்படி 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. இருமும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் முன்கூட்டியே இறுக்கப் பழகுங்கள். சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள்.

மாலையில் கசிவு கூடினால் பயந்துவிட வேண்டாம், தசை களைத்திருக்கிறது. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம்தான் கூடும். காபி, டீயைக் குறையுங்கள். வெளியே போகும்போது ஆண்களுக்கான பேட் இரண்டு, மூடும் பிளாஸ்டிக் பை ஒன்று, அடர்நிறப் பேண்ட் போதும். முதல் பயணம் அரை மணி நேரத்துக்குள் முடியட்டும். ஓராண்டு கடந்தும் தினம் பல பேட் நனைந்தால் சிறுநீரை அடக்கும் செயற்கைச் சுருக்குத்தசை வைக்கும் அறுவை உண்டு. "வயசாயிடுச்சு, பொறுத்துக்க" என்பதை ஏற்க வேண்டாம்.

தாம்பத்யம் போய்விட்டது. இதை யாரிடம் கேட்பது?

யூராலஜி டாக்டரிடமே. "சிகிச்சைக்குப் பிறகு விறைப்பு வரவில்லை, என்ன வழி?" என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். வாய் வரவில்லை என்றால் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

நரம்பைக் காத்துச் செய்த அறுவையிலும் விறைப்பு திரும்ப இரண்டு ஆண்டு வரை ஆகலாம். கதிர்வீச்சில் தலைகீழ்: முதலில் நன்றாக இருந்து சில ஆண்டுகளில் மெல்லக் குறையும். அறுவைக்குப் பின் உச்சம் வரும், விந்து வராது. இது தெரியாமல் மிரண்டவர்கள் உண்டு.

சில்டெனாஃபில் மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை தாமதமாகும். கிளர்ச்சி இல்லாமல் மாத்திரை மட்டும் வேலை செய்யாது. ஒன்றிரண்டு முறையில் பலிக்கவில்லை என்று விட்டுவிடவும் கூடாது. நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாக விழும். வெற்றிடப் பம்பு, குறியில் போடும் ஊசி என்று வேறு வழிகளும் இருக்கின்றன. பம்பின் வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஊசிக்குப் பின் விறைப்பு 4 மணி நேரம் தாண்டினால் அவசர சிகிச்சை.

ஹார்மோன் ஊசி எடுப்பவர்களுக்கு ஆசையே வராது. அப்போது மாத்திரை பெரிதாக உதவாது. மனைவி "என்னைப் பிடிக்கவில்லை" என்று நினைப்பதும், தொட்டால் மனைவி எதிர்பார்ப்பார் என்று பயந்து கணவர் கட்டிலை மாற்றுவதும் இங்கேதான் நடக்கிறது. ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிவிட்டால், உறவு வேண்டாம் என்ற நாளிலும் பக்கத்தில் படுத்துக் கைபிடித்திருக்கலாம்.

மனைவிக்குத் தொற்றுமா?

தொற்றாது. உடலுறவாலும் பரவாது. கதிர்வீச்சு சிகிச்சைக்காகக் கதிரியக்க விதைகள் எனப்படும் சிறு மணிகளைச் சுரப்பிக்குள் வைத்தவர்கள் மட்டும் சில காலம் மருத்துவமனை சொல்லும் முன்னெச்சரிக்கையைப் பின்பற்ற வேண்டும்.

"அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். சரிதானே?

அன்பில் செய்வதுதான், ஆனால் பெரும்பாலும் பலிப்பதில்லை. அவர் வார்டின் பெயர்ப்பலகையைப் படிப்பார், பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசுவார், கதிர்வீச்சு எதற்கு என்று தெரிந்துகொள்வார். தெரிந்த பிறகு உங்களுக்காக அவரும் தெரியாதது போல் நடிப்பார். ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியாக அழுவது அப்படித்தான்.

ஒரேயடியாகக் கொட்டவும் வேண்டாம். டி.வி.யை அணைத்துவிட்டு, கூட்டமில்லாத நேரத்தில் உட்கார்ந்து "அப்பா, டாக்டர் என்ன சொன்னார்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்குப் பாதி தெரிந்தே இருக்கும். பிறகு "முழுசா தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்களே பார்த்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதை மதியுங்கள். அது அவர் உரிமை. வேண்டும் என்றால் நோயின் பெயரை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பேசும்வரை காத்திருங்கள். "கட்டி", "புண்" என்று மூடி மறைத்தால் பயம்தான் கூடும். "ஒண்ணும் இல்ல, தைரியமா இரு" என்பது வாயை அடைக்கும் பேச்சு. "அடுத்த வாரம் ஸ்கேனுக்கு நானும் வர்றேன்" என்பதில் இருக்கும் ஆறுதல் அதில் இல்லை.

மனநல மாத்திரை அடிமையாக்கிவிடாதா? புற்றுநோய் மருந்தோடு ஒத்துப்போகுமா?

செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், மிர்டாசபின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அடிமைப்படுத்துவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று சட்டென நிறுத்துவதும் இரண்டுமே தவறு.

அடிமையாக்கக்கூடியவை அல்பிரசோலாம், குளோனசிபாம் போன்ற பதற்ற மாத்திரைகள். மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறார்கள். ஹார்மோன் சிகிச்சையால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். ராத்திரி பாத்ரூம் போகும்போது தள்ளாடி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிவில் முடியும்.

மனநல மருத்துவரிடம் எல்லா மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து சிறுநீரை அடைக்கலாம். ஹார்மோன் ஊசியும் எஸ்சிடலோபிராமும் இரண்டும் இதயத்துடிப்பின் ஒரு அளவை நீட்டும், அதனால் ஈ.சி.ஜி. எடுப்பது நல்லது. புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் என்சாலுடமைடு வலிப்பைத் தூண்டக்கூடியது, அதனோடு புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்து சேரக் கூடாது.

கவனித்துக்கொள்ளும் எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கிறது. சொன்னால் சுயநலம் என்பார்கள்.

இந்த நோயில் கணவரை விட மனைவி அதிகம் நொந்துபோவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் உங்களுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பி.பி., சர்க்கரை மாத்திரை எப்போது கடைசியாக வாங்கினீர்கள்? வாரத்தில் ஒரு அரை நாளை மகன், மகள், மருமகள் யாராவது பெயர் போட்டு ஏற்கட்டும். "எப்ப வேணா கூப்பிடுங்க" என்பவரை நம்பினால் நடக்காது, "வியாழன் காலை" என்று கேளுங்கள்.

"போய்ச் சேர்ந்தா நல்லது" என்கிறார். வாய்ப்பேச்சா, ஆபத்தா?

நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" கேட்பதால் எண்ணம் வந்துவிடாது, கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. நோய் தெரிந்த முதல் சில மாதங்களில் தற்கொலை அபாயம் கூடுதல். வலி அடங்காதபோதும் அப்படித்தான். வழியை யோசித்து வைத்திருந்தால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, தூக்க மாத்திரை, வலி மாத்திரை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். உடனடி ஆபத்து என்றால் 108. பேச ஆள் வேண்டும் என்றால் மனநல உதவி எண் 14416. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் 2022 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் தமிழில் இயங்குகிறது. இலங்கையில் 1926.

எங்கே போவது? பணம்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித்துறை உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி, ஆதரவு சிகிச்சைக்காக வீட்டுக்கே வருகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சிகிச்சை தொடங்கும் முன்பே அட்டையைக் காட்டுங்கள். ரயில் கட்டணச் சலுகைப் படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்தை வாங்கி வையுங்கள். "சொத்தை விற்கணுமா" என்ற கவலையால் தூக்கம் கெட்டவருக்கு, மாத்திரையை விட இந்தக் காகிதங்கள் வேலை செய்வதுண்டு.

ஊசியை நிறுத்தினால் பழைய ஆளாக வருவாரா?

குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஊசி எடுத்தவர்களில் பலருக்கு வரும், ஆனால் கடைசி ஊசியின் வீரியம் தீர்ந்த மறுநாளே அல்ல. டெஸ்டோஸ்டிரோன் ஏற ஆறு மாதம், ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வயது கூடினால், ஊசி எடுத்த காலம் நீண்டால் தாமதமும் கூடும், சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. கொதிப்பும் கண் கலங்குவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஆசை திரும்ப இன்னும் நாளாகலாம். ஓராண்டாகியும் மந்தமாகவே இருந்தால் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மனம் சரியில்லை என்பதற்காக ஊசியைத் தானாக நிறுத்திவிட்டு வர வேண்டாம். சிலருக்கு இடைவெளி விட்டு ஊசி போடும் முறை பொருந்தும், அதை டாக்டரிடம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.